பூவாத்தாள் கிணற்றின் மஞ்சள்

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற வழியில், ரிக் வண்டிப் பட்டறைகள் முடிந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகள் தொடங்குகிற இடத்தில் ஒரு குரோம் பட்டறை இருந்தது. போர் போடும் வண்டிகளின் ஹைட்ராலிக் தண்டுகள் தேய்ந்து போனால் அங்கே வரும். தேய்ந்ததைக் கடைந்து, அதன்மேல் குரோமியத்தைப் படிய வைத்து, கண்ணாடிபோல் ஆக்கித் திருப்பி அனுப்புவார்கள். அங்கே பத்தொன்பது வருஷம் தொட்டி பார்த்தவர் அர்த்தநாரி.

ஆள் உயரமாட்டம் ஆழமுள்ள தொட்டி. அதில் கருஞ்சிவப்பாக, சுண்டக் காய்ச்சிய கஷாயம் மாதிரி குரோமிக் அமிலம். தண்டை நடுவில் தொங்கவிட்டு, சுற்றிலும் ஈயத் தகடுகளைத் தொங்கவிட்டு, கரண்ட் கொடுக்க வேண்டும். அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் குரோமியம் தன் எலக்ட்ரான்களில் ஆறைப் பறிகொடுத்து நிற்பது. மின்சாரம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது அது உலோகமாகித் தண்டின்மேல் உட்காரும். ஆனால் எல்லாமே முழுசாகத் திரும்பாது. கொஞ்சம் மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். அது சேரச் சேரத் தொட்டியின் சிவப்பு மங்கிக் கறுக்கும். தண்டில் பளபளப்பு வராது.

எலக்ட்ரான் கணக்கெல்லாம் அர்த்தநாரிக்குத் தெரியாது. அவர் பத்தாவதோடு நின்றவர். "தொட்டி கருத்துப் போச்சு" என்பார். அன்றைக்கு வேலைத் தண்டு எதையும் இறக்கமாட்டார். ஈயத் தகடுகளை நிறைய இறக்கி, நடுவே ஒரு சின்னக் கம்பியை மட்டும் விட்டு, பகல் முழுக்கச் சும்மா ஓடவிடுவார். பாதியில் நின்றதெல்லாம் ஈயத்திடம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குப் போய்விடும். தகடு சாக்லேட் நிறத்தில் இருந்தால் வேலை நடக்கிறது, மஞ்சள் பூத்திருந்தால் தகடு தூங்குகிறது. சுரண்டிவிட வேண்டும். சாயங்காலம் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு திரும்பியிருக்கும். டெஸ்ட் எடுத்துச் சொல்ல ஆள் வைக்கலாம் என்று முதலாளி மாதேஷ் இரண்டு முறை யோசித்துவிட்டு, நாரியண்ணன் கண்ணே போதும் என்று விட்டுவிட்டார்.

தொட்டி ஓடும்போது அடியிலிருந்து குமிழிகள் பொங்கி வந்து மேலே உடையும். உடைகிற ஒவ்வொன்றும் துளித் துளியாக அமிலத்தைக் காற்றில் தூவும். முகமூடி கொடுத்திருந்தார்கள். வேர்வையில் அது நனைந்து ஒட்டுவதால் யாரும் போடுவதில்லை. விரல் கணுக்களில் சின்னச் சின்ன வட்டப் புண்கள் வரும், உளியால் குடைந்த மாதிரி. அந்தப் புண் வலிக்காது. வலிக்காததால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

கழுவின தண்ணீரைச் சுத்தம் பண்ணுவதும் அர்த்தநாரியின் பொறுப்புதான். தண்டைக் கழுவிய தண்ணீர் மஞ்சளாக ஒரு சிமெண்டுத் தொட்டியில் சேரும். அந்த மஞ்சள்தான் விஷம். தன்பாட்டில் அது அடியில் படியாது, வெளுக்காது. மண்ணில் விட்டால் தண்ணீரோடு தண்ணீராகவே போகும். அதை மாற்ற ஒரு வெள்ளைத் தூள் உண்டு, சோடியம் மெட்டாபைசல்பைட். பட்டறையில் அதற்கு மெட்டா என்றுதான் பெயர். மஞ்சள் தண்ணீரில் அமிலம் கலந்து மெட்டாவைக் கொட்டினால் கண்முன்னே பச்சையாகும். பிறகு சுண்ணாம்பைக் கலக்கினால் பச்சைச் சகதி அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் பின்பக்க ஓடைக்குத் திறந்துவிட வேண்டும். மெட்டா மூட்டையைப் பிரித்தால் தீக்குச்சி கிழித்த நெடி நூறு மடங்காக முகத்தில் அடிக்கும். தலையைத் திருப்பிக்கொண்டுதான் கொட்டுவார்கள்.

ஒரு ஆடி மாசம் அர்த்தநாரியின் மனைவி கந்தம்மாள் இறந்து போனார். சிறுநீரகம் கெட்டு ஒன்றரை வருஷம் இழுத்த சீக்கு. ரத்தம் சுத்தம் பண்ண, சேலத்துக்கும் ஊருக்குமாக வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் கூட்டிப் போய் வந்தவர் அர்த்தநாரி. பிணத்தை எடுக்கிறபோது அவர் அழவில்லை. மகள் இனியா, சேலத்தில் நர்சிங் படிப்பவள், அவர் தோளைப் பிடித்து உலுக்கி அழுதாள். அப்போதும் அவர் சாமியானாப் பந்தலின் ஒரு கயிறு தளர்ந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குப் போனார்.  

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எழுந்தார். சோறு வைத்தார். பட்டறைக்குப் போனார். தண்டுகளை இறக்கினார், ஏற்றினார். தொட்டி கருத்தால் வெளுக்க வைத்தார். கண்ணும் கையும் அதுபாட்டுக்கு வேலை செய்தன.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம், மெட்டா கொட்டி, சுண்ணாம்பு கலக்கி, தெளியவிட்ட தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் பச்சைச் சகதி கொஞ்சம் இருந்தது. மேலே நின்ற தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் எலுமிச்சைச் சாறு கலந்த மாதிரி இளமஞ்சள். அப்படி இருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இன்னும் மெட்டா போட வேண்டும், அமிலம் சேர்க்க வேண்டும், மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு குனிந்து வால்வைத் திறந்துவிட்டார்.

அடுத்த தடவையும் மஞ்சளாகவே நின்றது. அன்றும் திறந்துவிட்டார். அதற்கப்புறம் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். புரட்டாசி முழுக்க இப்படியே நடந்தது. பிறகு மழை பிடித்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடையை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த பூவாத்தாள் பட்டறைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். மகன் ரிக் வண்டியோடு ஆந்திராவில் இருந்தான். இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கையும் நான்கு மாடுகளையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் கிணற்றுத் தண்ணீர்.

"ஏனுங் மாதேஷு, இது என்ன நெறம்னு பாருங்க. வெள்ள பக்கெட்டுல புடிச்சா மஞ்சளாத் தெரியுது. நாலு நாளா கையெல்லாம் அரிக்குது" என்றார்.

மாதேஷ் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். "இரும்புத் தண்ணீங்க பெரீம்மா. மழைக்கு ஊத்து மாறியிருக்கும். இந்தப் பக்கம் போர் போட்டாப் பாதிக்குப் பாதி இப்படித்தானுங்க வருது."

"எனக்குத் தெரியாத இரும்புத் தண்ணியா?"

"மழை ஓஞ்சாச் செரியாப் போயிருமுங்க."

பூவாத்தாள் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மாதேஷ் அதைக் கொட்டிவிடச் சொன்னார். அர்த்தநாரி எடுத்தார், கொட்டவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். இரும்புத் தண்ணீரை அவருக்குத் தெரியும். பூமிக்குள்ளிருந்து வரும்போது பளிங்காட்டம் வரும். காற்றுப் பட்டதும் மங்கும், மறுநாள் அடியில் செம்மண்போல் படியும், மேலே தெளிந்துவிடும். இது ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் நின்றது, நான்காம் நாளும் அடியில் ஒரு துளி படியாமல் முதல் நாள் இருந்த அதே மஞ்சளில் நின்றது. தினமும் காலையில் சட்டை போடும்போது அதைப் பார்த்தார். என்ன தோன்றியது என்று பிற்பாடு மகள் கேட்டாள். "ஒண்ணும் தோணல சாமி. பாத்தேன். அவ்வளவுதான்" என்றார்.

இனியா தீபாவளி லீவுக்கு வந்தாள். வந்த அன்றைக்கு மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, என்னப்பா இது? கொழம்பு ஊசிப் போய் நூலா வருது."

அர்த்தநாரி தட்டைப் பார்த்தார். "நேத்து வெச்சது."

"வாசன தெரியலயா?"

"இல்லயே."

அவள் தட்டைப் பிடுங்கி வெளியே கொட்டினாள். திரும்பி வந்து பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினாள். கண்ணை மூடச் சொன்னாள். இது என்ன வாசனை என்றாள். எதுவும் வரவில்லை என்றார். அடுப்படிக்குப் போய்ப் பூண்டை நசுக்கிக்கொண்டு வந்தாள். பிறகு சூடத்தைக் கொண்டு வந்தாள். அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தலையை அண்ணாத்தி, செல்போன் டார்ச்சை வலது மூக்கில் அடித்தாள். வெளிச்சம் இடது மூக்கு வழியாகத் தெரிந்தது. நம்பமாட்டாமல் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்து மெதுவாக உள்ளே விட்டாள். அதன் நுனி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல சாமி."

"நடுச்சுவத்துல ஓட்டைப்பா. இந்த விரல் போறாப்ல ஓட்டை. உனக்குத் தெரியவே தெரியாதா?"

மூச்சு விடும்போது கொஞ்ச நாளாக விசில் மாதிரி ஒரு சத்தம் வருவது அவருக்குத் தெரியும். சளி என்று நினைத்திருந்தார். இனியா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்தி அழுதாள். அவர் அவள் தலைமேல் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

"எத்தன நாளா வாசன இல்ல?" என்று கேட்டாள்.

அதை யோசிக்கும்போதுதான் அவருக்கு மெட்டா மூட்டை ஞாபகத்துக்கு வந்தது. இந்த வருஷம் அந்த மூட்டையைக் கொட்டும்போது அவர் ஒரு நாளும் தலையைத் திருப்பவில்லை.

தீபாவளி முடிந்து பட்டறை திறந்த அன்று, தண்டு தேய்க்கும் சபரிநாதனைக் கூப்பிட்டார். முப்பது வயது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. வைகாசியில் பிரித்துப் பாதி தீர்ந்திருந்த மூட்டையைக் காட்டி, "சபரி, இதுல மூக்க வெச்சுப் பாரு" என்றார்.

"ஏனுங்கண்ணா, ஆளக் கொல்றதுக்கா?"

"வெய்யி."

சபரிநாதன் தயங்கித் தயங்கிக் குனிந்தான். "ஒரு வாசமும் இல்லீங்களே. சுண்ணாம்பாட்டம் கெடக்குது."

புது மூட்டையைப் பிரித்தார்கள். சபரிநாதன் இருமிக்கொண்டே வெளியே ஓடினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அர்த்தநாரி மூட்டைக்கு மேல் குனிந்து நின்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாயைக் கட்டாமல் ஈரக் காற்றில் கிடந்த தூள் தன் சக்தியையெல்லாம் காற்றுக்கே கொடுத்துவிட்டு வெறும் உப்பாகிக் கிடந்திருக்கிறது. இரண்டு மக்கில் மஞ்சள் தண்ணீரும் அமிலமும் எடுத்து, பழையதை ஒன்றிலும் புதியதை ஒன்றிலும் போட்டார். புதியது போட்டது கை எடுப்பதற்குள் பச்சையானது. பழையது போட்டது மஞ்சளாகவே நின்றது.

மாதேஷின் அறைக்குப் போய்ச் சொன்னார். மாதேஷ் கதவைச் சாத்தினார்.

"அண்ணா, யாருட்டயாவது சொன்னீங்களா?"

"சபரிக்குத் தெரியும்."

"அவனச் சும்மா இருக்கச் சொல்லுங்க. புது மூட்ட வந்துருச்சு. இனிமே சரியாப் பண்ணிக்கலாம். போனது மழைல கரஞ்சு போயிரும்."

"கரையாதுங்க. கரஞ்சுதான் இருக்குது."

"பட்டறைய மூடுனா ஏழு பேரு பொழப்பு போச்சு. உங்களுதும்தான்."

"ஆமாங்க."

"அப்பறம்?"

 அவருக்கு நியாயம் பேச வரவில்லை. கோபமும் இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஓடைக் கரையோடு நடந்து பூவாத்தாள் தோட்டத்துக்குப் போனார்.

பூவாத்தாள் மாட்டுக் கட்டுத்தரையில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், "வாப்பா. கந்தம்மா காரியத்துக்கு வந்தது, அப்பறம் உன்னப் பாக்கவே இல்ல" என்றார்.

"அக்கா, கெணத்துத் தண்ணி இரும்பு இல்லீங்."

அரிவாள் நின்றது.

"பட்டறத் தண்ணீங். நாந்தான் உட்டேன். மருந்து செத்துப் போயிருந்துச்சு, அது எனக்குத் தெரியல. ஆனா தண்ணி மஞ்சளா நின்னது தெரிஞ்சுதுங். தெரிஞ்சேதான் தெறந்து உட்டேன்."

"தெரிஞ்சா?"

"ஆமாங்."

"ஏன்?"

"தெரியலீங்."

பூவாத்தாள் எழுந்து நின்றார். "உன்ற பொண்டாட்டி செத்தா என்ற கெணறு என்னப்பா பாவம் பண்ணுச்சு?"

அர்த்தநாரி விலகாமல் நின்றார். அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் பரவாயில்லை என்றும் தோன்றியது. பூவாத்தாள் அடிக்கவில்லை. மாடுகளைப் பார்த்தார், அவை குடிக்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"குடிச்சா என்ன ஆகும்?"

"குடிக்கக் கூடாதுங். மாட்டுக்கும் காட்டாதீங்க. கை கழுவக்கூட வேண்டாம்."

"மூணு வாரமாக் குடிச்சிருக்கறனே" என்றார் பூவாத்தாள், மெதுவாக. பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

மகன் அங்கிருந்தே புகார் சொல்ல, இரண்டு நாளில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து தனப்பிரியா என்ற பெண் வந்தாள். வேதியியல் படித்தவள், ஸ்கூட்டியில் பெட்டியோடு வந்திருந்தாள். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு சின்னக் குழாயில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு அமிலம் விட்டு, இன்னொரு புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டாள். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. ஆழமான நிறம். குழாயின் பின்னால் அவள் விரல் தெரியவில்லை. மஞ்சள் குரோமியம் இருந்தால்தான் இந்த நிறம் வரும், பச்சைக்கு வராது, இரும்புக்கு இந்த அழகான ஊதா வராது என்றாள்.  கூட்டத்தில் ஒரு கிழவர், "பாக்க நல்லாத்தான் இருக்குது" என்றார்.

பட்டறைக்கு சீல் வைத்தார்கள். மாதேஷ் அர்த்தநாரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபரிநாதனின் மனைவி வீட்டு வாசலுக்கே வந்து, "நீங்க பண்ணுன தப்பு, எங்க ஊட்ல எதுக்குங்க அடுப்பு அணையோணும்?" என்று கேட்டாள். அவர் உள்ளே வரச் சொன்னார். அவள் வரவில்லை.

சபரியையும் மற்ற ஐந்து பேரையும் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி இனியாதான் பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேர்தான் போனார்கள். தொட்டியில் ஒன்பது வருஷம் துணைவேலை பார்த்த ஒருவருக்கு அர்த்தநாரியைப் போலவே ஓட்டை. சபரிநாதனுக்கு ஓட்டை இல்லை, ஆனால் மூக்கின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு புண். அவனுக்கும் வலி தெரிந்ததில்லை. இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்திருந்தால் துளைத்திருக்கும் என்றார் டாக்டர். அர்த்தநாரியின் வாசனை திரும்ப வருமா என்று இனியா கேட்டதற்கு, வர வாய்ப்புக் குறைவு என்றார். வாசனை போனதால் வேறு கஷ்டம் உண்டா என்று டாக்டர் அவரிடம் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்" என்றார் அர்த்தநாரி. அதற்குப் பிறகு சபரியின் மனைவி அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். திட்டவில்லை.

கிணற்றைச் சுத்தம் பண்ணித் தர வேண்டும் என்று மாதேஷுக்கு உத்தரவு வந்தது. மூன்று பெரிய பிளாஸ்டிக் டேங்குகள் வந்து இறங்கின. தண்ணீரை இறைத்து, டேங்கில் சுத்தம் பண்ணி, வெளியே விட வேண்டும். ஊற்று ஊற ஊற இறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். மாதேஷ் அனுப்பிய ஆட்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். ஒரு நாள் காலை பூவாத்தாள் கட்டுத்தரைக்கு வந்தபோது அர்த்தநாரி டேங்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் இல்லீங்."

பூவாத்தாள் மோட்டார் ரூம் சாவியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

தனப்பிரியா இதற்கு மெட்டா வேண்டாம், அன்னபேதி போதும் என்று சொல்லியிருந்தாள். இலை வெளுத்த குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அடிக்கிற அதே பச்சை உப்பு. அதிலிருக்கும் இரும்பு தன் எலக்ட்ரானைக் குரோமியத்துக்குக் கொடுத்துவிட்டுத் துருவாகும், அந்தத் துருவோடு சேர்ந்து குரோமியமும் படிந்துவிடும். அர்த்தநாரி ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஒரு டிரம் நிறையக் கரைத்து வைத்தார். முதல் நாள் மஞ்சள் போனது. மூன்றாம் நாள் போகவில்லை. டிரம்மைப் பார்த்தால் பச்சை போய் டீத்தண்ணி நிறமாகியிருந்தது. தனப்பிரியாவுக்குப் போன் பண்ணினார்.

"எலக்ட்ரானக் காத்துக்குக் குடுத்துருச்சுங்க. கரைச்சு வெச்சா நிக்காது. அன்னன்னிக்குக் கரைங்க, ரெண்டு சொட்டு அமிலம் உட்டுக்கங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைத்தார். டேங்கை நிரப்பி, பச்சைத் தண்ணீரை ஊற்றி, நீளமான மூங்கிலால் கலக்குவார். மஞ்சள் மங்கிச் செம்பழுப்பாகக் கலங்கும். மறுநாள் காலை அடியில் துரு இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். ஒவ்வொரு டேங்கையும் வெள்ளைத் தட்டில் மொண்டு பார்த்துவிட்டுத்தான் திறந்தார். சகதியைச் சாக்கில் கட்டி வைத்தால் மாசம் ஒரு முறை லாரி வந்து எடுத்துப் போனது. பூவாத்தாளின் மாடுகளுக்கு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வந்தது. அதை அவரே வாளி வாளியாகச் சுமந்து காட்டினார். உதவட்டுமா என்று அர்த்தநாரி கேட்டதற்கு வேண்டாம் என்றார். அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

தை, மாசி, பங்குனி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனப்பிரியா வந்தாள். கத்தரிப்பூ நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாசியில் குழாயின் பின்னால் விரல் தெரிந்தது. பங்குனிக் கடைசியில் ரோஜா நிறம். சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்ததும் மறுபடியும் நிறம் ஏறியது. மண்ணில் தங்கியிருந்தது கீழே இறங்குகிறது என்றாள் தனப்பிரியா. பூவாத்தாள் குழாயைப் பார்த்துவிட்டு அர்த்தநாரியைப் பார்த்தார். அவர் மறுநாளும் வந்தார்.

இதற்குள் ஊரில் அவரைப் பற்றிப் பல பேச்சு. செத்துப் போன மனைவிக்காகப் பரிகாரம் பண்ணுகிறார் என்றார்கள். பூவாத்தாள் மகன் வந்தால் வெட்டுவான் என்று பயந்து செய்கிறார் என்றார்கள். மகன் மாசியில் வந்தான். கிணற்றோரம் வந்து சத்தம் போட்டான், சட்டையைப் பிடித்தான். பிறகு மோட்டாரின் ஒயர் ஒன்று கருகியிருப்பதைப் பார்த்து, திட்டிக்கொண்டே அதை மாற்றிக் கொடுத்துவிட்டு ஆந்திராவுக்குப் போனான். ஏன் செய்கிறாய் என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் அர்த்தநாரிக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் எழுந்தால் போகிற இடம் அதுவாக இருந்தது.

ஆனி மாசம் மூன்று முறை அடுத்தடுத்து நிறம் வரவில்லை. மூன்றாம் முறை தனப்பிரியா குழாயைத் தூக்கிப் பிடித்து ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். வெறும் தண்ணீராகவே நின்றது. "சரியாயிருச்சுங்கம்மா. ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் பாக்கணும். குடிக்கறதுக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற தண்ணி வெச்சுக்கங்க" என்றாள்.

பூவாத்தாள் மோட்டாரைப் போட்டு ஒரு வாளி பிடித்து மாட்டுக்கு வைத்தார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தது.

"நாளைக்கு வர வேண்டாம்" என்றார், மாட்டைப் பார்த்தபடியே.

"செரீங்."

மறுநாள் காலை பழக்கத்தில் தோட்டத்துப் படல் வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்று, ஞாபகம் வந்து, திரும்பி வந்தார்.

மாதேஷ் வேறு இடத்தில், மூடி போட்ட தொட்டியும் காற்றை உறிஞ்சும் குழாயும் வைத்துப் பட்டறையைத் திரும்பத் தொடங்கினார். ஆள் அனுப்பினார். அர்த்தநாரி போகவில்லை. சபரிநாதனும் போகவில்லை, அவன் ஆட்டையாம்பட்டியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துகொண்டான். அர்த்தநாரிக்கு மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் எடைமேடையில் வேலை கிடைத்தது. கிழங்கு லாரி வந்து ஏறி நிற்கும். நம்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஆலைக் கழிவுத் தண்ணீரின் நாற்றம் தாங்காமல் அந்த வேலையில் யாரும் நிலைப்பதில்லை. அவருக்கு அது ஒரு சிரமமாக இல்லை.

புரட்டாசியில் இனியாவுக்குக் கல்லூரியில் பட்டம் கொடுத்தார்கள். அர்த்தநாரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினார். ஆட்டையாம்பட்டி தாண்டி, பஸ் ஒரு வேகத்தடையில் குதித்து இறங்கியபோது, அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தார். மறுபடி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆட, கொண்டலாம்பட்டி வரைக்கும் அழுதார். எதற்கு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்றார்.

"இல்லீங். மகளுக்குப் பட்டம் குடுக்கறாங்க."

"அதுக்கு எதுக்குங்க அழுவறீங்க?" என்று அந்த அம்மா இரண்டு கொய்யாப் பழத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

விழா முடிந்து இனியா ஓடி வந்து, "ஏம்ப்பா கண்ணு செவந்திருக்குது?" என்றாள். பஸ்ஸில் காற்று என்றார். இருவரும் வெளியே ஒரு கடையில் சாப்பிட்டார்கள். அவர் இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் அவள் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, "ம், சாப்புடு" என்றாள்.